கல்லுக்கு முன்னால் எண்: நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரைத் தேடும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள கரும்புக் காடுகளிலும் முதல் தலைமுறைத் தமிழர்களின் நினைவைத் தாங்கி நிற்கும் கற்கள் இருக்கின்றன. கோயில் அடிக்கல், பள்ளிக்கூடச் சுவரில் பதித்த பலகை, ஆலைக்குப் பக்கத்துச் சுடுகாட்டில் சாய்ந்து கிடக்கும் கல்லறைக் கல் என்று பல வகை. அதில் ஒன்றின் முன் நின்று, இந்த முனுசாமிதான் எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் என்று சொல்ல யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் 1860 முதல் 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலுக்கு வந்து இறங்கினார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அத்தனை பேருக்குள் முனுசாமிகளும் வீராசாமிகளும் எக்கச்சக்கம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கல்லைத் தேடினால் வேறொரு குடும்பத்துப் பெரியவருக்கு மாலை போட்டுவிட்டு வருவீர்கள்.

அதனால் எண்ணிலிருந்து தொடங்குங்கள். எண் கப்பலைக் காட்டும், கப்பல் பட்டியல் தோட்டத்தைக் காட்டும், தோட்டம் கல் இருக்கும் இடத்தைக் காட்டும். இந்த வரிசை மாறினால் வேலை கெடும்.

எண் எங்கே இருக்கும்?

துறைமுகத்தில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, நேட்டால் அரசு ஒரு தொடர் எண் கொடுத்தது. இதைக் காலனி எண் என்பார்கள். 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. எண் 1 அந்தக் கப்பலில் தொடங்குகிறது. 1866இல் ஆள் எடுப்பது நின்று, 1874இல்தான் மறுபடி தொடங்கியது. ஆகவே உங்கள் கையில் இருப்பது ஆறாயிரத்துச் சொச்சம் வரையிலான எண் என்றால் அவர் முதல் ஆறாண்டுக்குள் வந்தவர். அதற்கு மேல் போனால் தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) ஒட்டிய காலமோ அதற்குப் பிந்தியதோ. பெட்டியைத் திறக்கும் முன்பே இந்த ஒரு கணக்கு உங்கள் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியவை: பழைய திருமணச் சான்று, பிறப்புப் பதிவின் நகல், ஒப்பந்தம் முடிந்ததற்கான சீட்டு, வெளியூர் போக வாங்கிய பாஸ். இரண்டாம் தலைமுறைக் குழந்தைகளின் பதிவுகளில் தாய் தகப்பன் இருவரின் எண்களும் எழுதப்பட்டிருப்பது உண்டு. தமிழ்நாட்டில் இருந்து தேடுகிறவர்களும் டிரங்குப் பெட்டியைப் புரட்டிப் பார்க்கலாம். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் ஏராளம். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் செய்துகொண்ட 1927 கேப்டவுன் உடன்படிக்கைக்குப் பின், பெரியவர்களுக்குத் தலைக்கு 20 பவுண்டு கொடுத்து அனுப்பி வைக்கப்பட்டவர்களும் உண்டு.

காகிதம் இல்லையென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 'எந்த வருஷம் வந்தார்கள்' என்று கேட்டால் பதில் வராது. எந்தத் தோட்டம், எந்த பாரக்ஸ் (கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகள்), யார் குலதெய்வம், ஒரே கப்பலில் வந்தவர்கள் என்று யார் வீட்டோடு கொள்வினை கொடுப்பினை வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். இவை மறக்காமல் நிற்கும் செய்திகள். பாட்டி சொல்வதை அவர் சொன்ன உச்சரிப்பிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். 'பொன்னிரம்மன்' என்று அவர் சொன்னால் 'பொன்னியம்மன்' என்று நீங்களாகத் திருத்திவிட வேண்டாம். அந்தத் திரிபே பின்னால் ஊரைக் காட்டிக்கொடுக்கலாம்.

அதுவும் பலிக்கவில்லையென்றால் இறந்தவரின் பதிவிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உச்ச நீதிமன்றத்தின் சொத்துப் பிரிவுக் கோப்புகள் இருக்கின்றன. அதிலுள்ள மரண அறிவிப்புத் தாளில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி மக்கள் எல்லாம் இருக்கும். நேட்டால் மாகாண இறப்புப் பதிவுகள் ஃபேமிலிசர்ச் தளத்தில் படங்களாகவே கிடைக்கின்றன, கட்டணம் கிடையாது. தென்னாப்பிரிக்கத் தேசியக் காப்பகத்தின் கணினித் தேடல் தளத்தில் நேட்டால் களஞ்சியத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடினால், இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகளும் வரும். அங்கே களஞ்சியம், மூலம், தொகுதி எண், கோப்புக் குறிப்பு ஆகிய நான்கையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் காப்பகத்தில் கோப்பை எடுத்துத் தர மாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கு. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வணிகர்கள், ஆசிரியர்கள், மொரீஷியஸிலிருந்து வந்தவர்கள் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் காலனி எண் கிடையாது.

கப்பல் பட்டியலைப் படிப்பது

பட்டியல்களைக் கணினியில் ஏற்றும் பெரும் பணியைச் செய்தவர் வரலாற்றாசிரியர் ஜாய் பிரெய்ன். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்தின் வழியாக அவற்றைப் பார்க்கலாம். டர்பன் டெர்பி தெருவிலுள்ள 1860 மரபு மையமும் இந்த வரலாற்றுக்கென்றே இருப்பது.

ஒரு வரியில் இருப்பவை இவை: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார், குறிப்பு. உடல் அடையாளம் என்ற கட்டத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இடது கெண்டைக்காலில் தழும்பு, வலது புருவத்தின் மேல் மச்சம் என்று இரண்டு மூன்று சொல்தான் இருக்கும். படம் இல்லாத ஒரு மனிதரின் உடலைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே எழுத்து பெரும்பாலும் அதுதான். பிற்காலக் கோப்பில் இருப்பவரும் இவரும் ஒருவரே என்று உறுதி செய்யவும் அதே தழும்பு உதவும்.

இனி எழுத்துக்கூட்டல். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். முனியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எம்-யூ-என் என்றும் தேட வேண்டும், எம்-ஓ-ஓ-என் என்றும் தேட வேண்டும். 'சாமி' என்று முடிந்தால் ஐ, வொய், இரட்டை ஈ என்று மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். 'ழ' எங்கே எப்படி மாறும் என்று சொல்லவே முடியாது, எல், ஆர் இரண்டையும் முயல வேண்டும். முழுப் பெயரைக் கொடுக்காமல் முதல் மூன்றெழுத்தை மட்டும் கொடுத்துத் தேடினால் கூடுதலாகச் சிக்கும். இன்று தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயராக இருக்கும் மூட்லி, கோவெண்டர், படையாச்சி, நாயக்கர், பிள்ளை ஆகியவை பட்டியலில் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பலருக்குப் பெயருக்குப் பின்னால் எதுவுமே இல்லை. குடும்பப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. சிலருக்குச் சாதிப்பட்டம், சிலருக்குத் தகப்பன் பெயர். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரண்டு குடும்பப் பெயரோடு இருப்பதும் இதனால்தான்.

சாதிக் கட்டத்தில் இருப்பதையும் வயதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆள் பிடிக்கும் தரகர் எது சொன்னால் எடுப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்ததைச் சொன்னவர்கள் உண்டு. வயதில் ஐந்தாண்டு முன்பின் இருக்கலாம். ஜில்லா, தாலுகா, தகப்பன் பெயர் மூன்றும் ஒத்துவந்தால் மற்றதை மன்னிக்கலாம். இரண்டு மட்டும் ஒத்துவந்தால் இன்னும் ஒரு சான்று கிடைக்கும் வரை 'இருக்கலாம்' என்றே எழுதி வையுங்கள்.

ஒரு வரி கிடைத்ததும் அதற்கு முன் பத்து எண், பின் பத்து எண் பாருங்கள். ஒரே குடும்பம், ஒரே ஊர் ஆட்கள் அடுத்தடுத்து நிற்பார்கள். மனைவிக்குத் தனி எண், குழந்தைக்குத் தனி எண். தகப்பன் பெயர் வேறு என்பதால் மனைவியைத் தனி ஆளாக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கப்பலின் பெயரை எழுதும்போது பயண எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். உம்லாசி, உம்வோட்டி, கொங்கெல்லா, பொங்கோலா போன்ற கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்தவை. பெயர் மட்டும் இருந்தால் எந்த ஆண்டு என்று தெரியாது.

ஊரைக் கண்டுபிடிப்பது

பட்டியலில் உள்ள ஜில்லாவை இன்றைய மாவட்டத்தோடு குழப்பிக்கொள்வதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய பிழை. அன்றைய வடஆற்காடு ஜில்லாவுக்குள் சித்தூரும் சந்திரகிரியும் அடக்கம், 1911 வரை ஜில்லாத் தலைநகரே சித்தூர்தான். ஆகவே 'வடஆற்காடு' என்று இருந்தால் உங்கள் ஊர் இன்றைய ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இருக்கலாம், ஆந்திரத்திலும் இருக்கலாம். தென்ஆற்காடு என்றால் இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்றையும் பார்க்க வேண்டும். திருப்பத்தூர் அப்போது சேலம் ஜில்லா. சென்னையில் ஏறியவர் எல்லாரும் தமிழர் என்றும் எண்ண வேண்டாம். விசாகப்பட்டினம், கஞ்சம் ஜில்லாக்களிலிருந்து தெலுங்கர்கள் ஆயிரக்கணக்கில் அதே துறையில்தான் ஏறினார்கள்.

தாலுகாவை முடிவு செய்த பிறகு அதன் வருவாய் கிராமப் பட்டியலை எடுத்து, ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். கண்ணால் ஒப்பிட்டால் கிடைக்காத ஊர் காதுக்குக் கிடைக்கும். ஒரே தாலுகாவில் மூன்று 'நல்லூர்' இருந்தால் குலதெய்வம்தான் தீர்ப்புச் சொல்லும். அந்தப் பெயரில் கோயில் எந்த ஊர் எல்லையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். நிலப் பதிவேட்டில் பெயர் தேடுவது பெரும்பாலும் வீண். நிலம் இருந்திருந்தால் அவர்களில் பலர் கப்பலேறியே இருக்க மாட்டார்கள்.

தோட்டத்திலிருந்து கல்லுக்கு

வேலைக்கு அனுப்பப்பட்ட இடம் என்ற கட்டம்தான் கல்லுக்கு வழி. ஒப்பந்தம் ஐந்தாண்டு. சம்பளம் முதலாண்டு மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். அந்த ஐந்தாண்டும் ஆள் அந்தத் தோட்டத்திலோ சுரங்கத்திலோ ரயில் பாதையிலோ இருந்தாக வேண்டும். கரும்பு என்றால் மவுண்ட் எட்ஜ்கும்ப், டோங்காட், உம்சிண்டோ பக்கம். தேயிலை என்றால் கியர்ஸ்னி. நிலக்கரி என்றால் வடக்கே டண்டி, நியூகாசில் பக்கம். ரயில்வே என்றால் ஓரிடம் என்று சொல்ல முடியாது.

அந்த இடத்தைச் சுற்றி மூன்று வகைக் கற்களைத் தேடுங்கள். முதலாவது கோயில். மூலக்கட்டடத்தின் அடிக்கல், கொடிமரத்தின் பீடம், மணியின் விளிம்பு, கதவு நிலையின் மேல்பக்கம் ஆகிய நான்கையும் பாருங்கள். கொடுத்தவர் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்கும். கோயில் இன்று இருக்கும் இடத்திலேயே அன்றும் இருந்தது என்று நினைக்காதீர்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுந்த கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இன்று நாம் பார்க்கும் அம்பலவாணர் ஆலயம் 1947இல் கேட்டோ மேனரில் பெல்லேர் சாலையில் எழுந்தது. இப்படி இடம் மாறிய கோயிலில் பழைய பொருள் எது, புதிது எது என்று அறங்காவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே குறிப்பெடுங்கள்.

இரண்டாவது பள்ளிக்கூடம். பெற்றோர் காசு போட்டுக் கட்டிய பள்ளிகளின் சுவரில் கமிட்டியார் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும். பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து மூடிப்போயிருந்தாலும் விரலால் தடவினால் தட்டுப்படும்.

மூன்றாவது சுடுகாடும் இடுகாடும். இதுதான் கடினம். இனத்துக்கு ஒரு பகுதி என்று ஒதுக்கிய 1950இன் குழு வாழிடச் சட்டம் ஊர் ஊராக மக்களைப் பெயர்த்தது. டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்தவர்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குப் போக நேர்ந்தது. மனிதர்கள் போன பிறகு கல்லைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. முதலில் தென்னாப்பிரிக்க மரபுவழிக் கழகத்தின் இணையக் கல்லறைப் படத் தொகுப்பில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் நேரில்தான்.

தோட்டத்து இடுகாடு தனியார் நிலம். மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அறுவடை ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நடக்கும். உங்கள் பகுதியில் வெட்டு முடிந்த மறுவாரம் போனால்தான் கல் கண்ணில் படும், மற்ற நாளில் ஆள் உயரக் கரும்பு மறைத்துவிடும். வெட்டுக்கு முன் வயலைக் கொளுத்துவார்கள் என்பதால் எந்த நாள் தீ வைக்கிறார்கள் என்று கேட்காமல் உள்ளே போகக் கூடாது. கரும்புக் காட்டில் மாம்பா, பஃப் ஆடர் போன்ற நச்சுப் பாம்புகள் உண்டு. முழங்கால் வரை பூட்ஸ், கையில் கழி, கூட ஒருவர். இதில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெயரோடு கல் கிடைப்பது அரிது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தில்லையாடி வள்ளியம்மைக்கும் நாகப்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபான்டெய்ன் கல்லறையில் 1914 ஜூலையில் காந்தி திறந்து வைத்த கற்கள் இருக்கின்றன என்றால், அவர்கள் பின்னால் ஒரு போராட்டம் நின்றது. கரும்பு வெட்டியே செத்தவர்களுக்கு நான்கு மூலைக்கு நான்கு உருண்டைக் கல் வைத்தார்கள், தலைமாட்டில் ஒரு செடி நட்டார்கள். தோட்டத்து எல்லைக்குள் வரிசையாக அப்படிக் கற்களைக் கண்டால் பெயர் இல்லை என்று திரும்பிவிடாமல் அதையும் பதிவு செய்யுங்கள்.

கல்லில் எழுதியிருப்பதைப் படிப்பது

பழைய தமிழ்க் கல்லில் ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் தேதி. தமிழ் எண்களை எழுத்து என்று எண்ணி ஏமாறுவது சுலபம். ௧ பார்க்க 'க' போல, ௫ 'ரு' போல, ௬ 'சு' போல, ௯ 'கூ' போல இருக்கும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். 1876 என்பதைப் பழைய முறையில் ௲௮௱௭௰௬ என்று வெட்டுவார்கள்.

'தாது௵ தை௴ ௰௫௳' என்று ஒரு கல்லில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது. ஆனால் தை மாதம் ஆங்கில ஆண்டு மாறிய பிறகு வருவது. ஆகவே இது 1877 ஜனவரிக் கடைசி. மார்கழி நடுவிலிருந்து பங்குனி முடிய உள்ள எந்தத் தேதிக்கும் ஓராண்டு கூட்ட வேண்டும். இதை மறந்து 1876 என்று எழுதிவிட்டு, இறப்புப் பதிவில் பெயர் இல்லையே என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு சிக்கல், அறுபதாண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்ப வரும். பிரபவ 1867இலும் உண்டு, 1927இலும் உண்டு. கலியுக ஆண்டோ சக ஆண்டோ கூடவே இருந்தால் கவலையில்லை. கலியாண்டில் 3101 கழியுங்கள், சக ஆண்டோடு 78 கூட்டுங்கள், ஓராண்டு முன்பின் வரலாம். இரண்டும் இல்லையென்றால் எண்ணும் கப்பலும்தான் துணை. 1890இல் வந்து இறங்கியவர் 1876இல் அங்கே செத்திருக்க முடியாது.

'லை', 'னை', 'ணை' ஆகியவற்றில் முன்னால் தும்பிக்கை போல ஒரு சுழி, 'றா', 'னா', 'ணா' ஒட்டிய வடிவம், இவையெல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வழக்கம். மெய்யெழுத்தின் புள்ளியை வெட்டாமல் விட்டிருக்கலாம், 'முததமமாள' என்று இருந்தால் முத்தம்மாள். தெலுங்கு எழுத்தில் இருந்தால் படம் எடுத்துத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், ஊகிக்க வேண்டாம்.

கல்லைத் தொடும் முன்

கம்பி பிரஷ், ஆசிட், ப்ளீச், புளி, எலுமிச்சை, சோப்புத்தூள் எதுவும் கூடாது. சுண்ணாம்புக் காரையிலும் சிமெண்டிலும் வெட்டிய எழுத்து, ஒருமுறை புளி போட்டுத் தேய்த்தாலே விளிம்பு கரைந்துபோகும். எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள், அந்தத் தூள் துளைகளில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாசியை ஒரு நாள் முன்னதாகவே நல்ல தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மென்மையான நார் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். கல் ஆடுகிறதா, பொரிந்து உதிர்கிறதா என்று முதலில் பாருங்கள். உதிர்ந்தால் தண்ணீர்கூட வேண்டாம்.

தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சுத்தத்தைவிட வெளிச்சமே உதவும். காலை ஏழு எட்டு மணிக்கு, இல்லையேல் மாலையில், வெயில் பக்கவாட்டில் விழும்போது போங்கள். நேரம் அமையாவிட்டால் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, வெயிலைக் கல்லின் விளிம்பையொட்டி ஏறக்குறைய படுக்கையாகத் திருப்பிவிட, இன்னொருவர் படம் எடுக்கட்டும். நேருக்கு நேர் பார்த்தபோது வெறும் கல்லாக இருந்தது வரி வரியாக எழுந்து வரும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. ஒரு பக்க வெளிச்சத்தில் மறைந்த கோடு மறுபக்கத்தில் தெரியும்.

முழுக் கல், அதைச் சுற்றியுள்ள இடம், பின்பக்கம், ஒவ்வொரு வரியும் தனித்தனியாக, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று என்று எடுங்கள். கல்லின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வருகிறவர்களே அதிகம், செதுக்கிய கடையின் பெயர் பெரும்பாலும் அங்கேதான். அட்சரேகை, தீர்க்கரேகையைப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை குறித்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும்.

கல்லைப் பெயர்க்கவோ, வண்ணம் பூசவோ, மேலே புதுப் பலகை பதிக்கவோ நினைத்தால் நில்லுங்கள். 1999ஆம் ஆண்டு தேசிய மரபு வளச் சட்டப்படி 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தையும், நகராட்சி இடுகாட்டுக்கு வெளியே உள்ள அந்த வயதுக் கல்லறையையும் அனுமதியின்றித் தொட முடியாது. குவாசுலு-நேட்டாலில் மரபுச் சின்னங்களைக் காக்கும் மாகாண அமைப்பான அமஃபா நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். படங்கள், இருப்பிட எண்கள், குடும்பத்தின் ஒப்புதல் கடிதம் இம்மூன்றையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். புதுப் பலகை வைப்பதென்றால் பழைய கல்லைத் தொடாமல் அரை மீட்டர் தள்ளித் தனிப் பீடத்தில் வையுங்கள். அதில் பெயரோடு காலனி எண், கப்பலும் பயண எண்ணும், ஜில்லா–தாலுகா–ஊர், வேலை பார்த்த தோட்டம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெட்டச் சொல்லுங்கள். பட்டியலில் குமாஸ்தா எழுதிய எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை அப்படியே போடுங்கள், அடுத்து தேடி வருகிற பேரப்பிள்ளை பட்டியலைத் திறக்கும்போது அந்த எழுத்துக்கூட்டல்தான் கண்ணில் படும்.